ஏழுமலை கழுவுற சைக்கிள்

சைக்கிள் மெக்கானிக் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேணும்னு செயலாளர் தம்பி என் வீட்டுக்கே வந்துட்டாரு. "இப்ப பொன்னேரி பக்கமே அந்தக் குட்டி சைக்கிள், பிஎம்எக்ஸ், நாலஞ்சு சுத்துது மேஸ்திரி. அதுக்கு பிரேக் போடத் தெரியாம நம்ம ஆளுங்க முழிக்கிறாங்க. இந்தப் பக்கத்துல மொதமொதல்ல போட்டது நீங்கதான். அத எழுதுங்க"ன்னாரு. மொதல்ல போட்டது நான்தான், நெசம். போட்ட பிரேக்கு புடிக்கலன்றதுதான் அவருக்குத் தெரியாது.

நாப்பது வருசத்துக்கு மேல பழவேற்காட்டுல பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்புல கடை வச்சிருந்தேன். முட்டி தேஞ்சு, குந்தினா எழுந்திருக்க முடியல. ரெண்டு வருசம் முன்னாடி கடைய விட்டுட்டேன். கடைய விட்டா மனசு லேசாவும்னு நெனச்சேன். வேலை இருந்தவரைக்கும் கையி ஓடும், மனசு பின்னாலயே ஓடும். இப்ப கையி சும்மா கெடக்குது, மனசு மட்டும் ஒரே எடத்துல நின்னு கொடையுது.

தொழில் கத்துக்கினது பொன்னேரில, காதர் பாய் கடையில. மூணு வருசம் பஞ்சர் ஒட்னது, சக்கரம் கோத்தது, திட்டு வாங்குனது எல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான், விட்டுடுறேன். பாய் கிட்ட ஒரு சட்டம் இருந்துச்சு. அத மட்டும் சொல்லணும்.

பாய் அதிகம் பேச மாட்டாரு. நல்ல ஒசரம், வெள்ளைக் கைலி, அதுல ஒரு பொட்டு கிரீஸ் படாது. எப்படித்தான் வேலை செய்வாரோ. பிரேக் வேலை முடிச்சு சைக்கிள நிமித்தி வச்சா, "நீ போட்ட பிரேக்க நீயே புடி"ன்னுவாரு. அவ்ளோதான். நாம ஏறி ஏரிக்கரை சரிவுல எறங்கி, பாதியில ரெண்டு பிரேக்கும் முழுசாப் புடிச்சு நிறுத்திட்டு வரணும். அதுக்கப்புறம்தான் வண்டிக்காரன் கையில வண்டி போவும். ஒருநாள் வெயிலுக்கு சோம்பல்பட்டு, மூலையில டீ குடிச்சிட்டு வந்து "புடிச்சுப் பாத்துட்டேன் பாய்"ன்னேன். பாய் குனிஞ்சு ரிம்ம விரலால ஒரு சுத்து தடவினாரு. ரப்பர் தேய்ஞ்ச தடம் இல்ல. விரல என் மூஞ்சிக்கு நேரா காட்டிட்டு, தானே ஏறிப் போனாரு.

அது பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஓட்ற சின்ன சைக்கிளு. ஆறடி ஆளு முட்டிய ரெண்டு பக்கமும் விரிச்சிக்கினு அதுல போறதப் பாத்து கடைத்தெருவே சிரிச்சிது. எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னுச்சு. திரும்பி வந்து எறங்கி, "சிரிச்சவன் ஒருத்தனும் அந்தப் பொண்ணுகூட ஆஸ்பத்திரிக்கு வர மாட்டான்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. முப்பத்தஞ்சு வருசம் அந்தச் சட்டத்த மீறாம இருந்தேன். ஒரே ஒரு தரம்தான் மீறினேன்.

நம்ம ஊரு காத்துல உப்பு இருக்குது, தண்ணியில உப்பு இருக்குது. கடையில வாங்குற பிரேக் கேபிள் மூணு மாசத்துல உள்ளயே துருப்புடிச்சு இறுகிடும். மீன் கூடை கட்டுற சைக்கிளுன்னா ஒரு மாசமே சாஸ்தி. வந்தவங்க எல்லாம் "இன்னா மேஸ்திரி, போன மாசந்தான மாத்துன"ன்னு சண்டை புடிப்பாங்க. அதுக்கு நான் ஒரு வழி கண்டுபுடிச்சேன். பெரிய மீன் தூண்டிலுக்குக் கட்டுற எவர்சில்வர் முறுக்குக் கம்பி நம்ம வலைக் கடையில கெடைக்கும், அது எந்தக் காலத்துலயும் துருப்புடிக்காது. அத அளவா வெட்டி உள்கம்பியா போட்டேன். ஆனா பிரேக் கம்பின்னா கையில புடிக்கிற லிவருக்குள்ள மாட்டுறதுக்கு நுனியில ஒரு தலை வேணும். தூண்டில் கம்பிக்கு ஏது தலை? வலைக்கு அடியில கோக்குற ஈயக்குண்ட உருக்கி, கம்பி நுனியப் பிரிச்சுவுட்டு, அது மேல ஊத்தித் தலை செஞ்சேன். அரம் போட்டுத் தேச்சா கடைச் சரக்கு மாதிரியே இருக்கும்.

ஊரே மெச்சிச்சு. "மேஸ்திரி கம்பி மூணு மழை தாங்கும்"னு சுண்ணாம்புக்குளத்துல இருந்தெல்லாம் வந்தாங்க. எனக்குத் தலை கால் புரியல. எவர்சில்வர் மேல ஈயம் ஒட்டாது, சும்மா கவ்விக்கினு இருக்கும், அவ்ளோதான். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கவலைப்படல. ஏன்னா அதுவரைக்கும் ஒரு தலையும் கழண்டதில்ல. ஏன் கழலலன்னு இப்ப ஒக்காந்து யோசிச்சா சிரிப்பா வருது. இங்க மேடு பள்ளமே கெடையாது. நம்ம ஊரு ஆளு பிரேக்க நம்பி சைக்கிள் ஓட்றதும் இல்ல, ரெண்டு செருப்பையும் தரையில தேச்சுத்தான் நிறுத்துவான். என் ஈயத்துக்கு வேலையே வந்ததில்ல. செருப்பு செஞ்ச வேலைக்கு நான் பேரு வாங்கிக்கினேன்.

ஆறு வருசம் முன்னாடி ஏழுமலையும் அவரு பொண்ணு கனகாவும் ஒரு கோணியத் தூக்கிக்கினு கடைக்கு வந்தாங்க. ஏழுமலை எங்க உப்பு ஏரியில கையால இறால் தடவுறவரு. வல கெடையாது, படகு கெடையாது. இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு, பறின்ற ஓலைக் கூடைய வாயில கவ்விக்கினு, ரெண்டு கையாலயும் சேத்த தடவி ஒண்ணொண்ணா புடிச்சுப் போடுவாரு. யாரு சத்தமா பேசினாலும் "ஆமாங்க"ன்னு சொல்லிட்டு ஒதுங்குற ஆளு. கனகாவுக்கு அப்ப இருவது வயசு, கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பெனில ஷிப்டு வேலை. அவ அப்பனுக்கு நேர்மாறு.

கோணியில இருந்தது பிஎம்எக்ஸ் பிரேமும் சாமானுங்களும். மெட்ராசுல அந்தச் சைக்கிள்ல வித்தை காட்டி ஓட்றவங்க கூட்டம் ஒண்ணு இருக்காம். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை வந்து ஓட்டிக் காட்டுனா அவங்க குழுவுல சேத்துக்குவோம்னு சொல்லியிருக்காங்க. "நம்ம பக்கத்துல பொண்ணுங்க யாரும் இல்ல மேஸ்திரி, நான்தான் மொதல்ல"ன்னா. ஏழுமலை பக்கத்துல நின்னு சிரிச்சாரு. அவரு அப்படிப் பல்லு தெரிய சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

தம்பிங்களா, நீங்க கேட்டது இந்த எடந்தான், கவனமா படிங்க. பிரேக் வாங்குறதுக்கு முன்னாடி பிரேமப் பாக்கணும். பின்சக்கரத்துக்கு மேல ரெண்டு தண்டுலயும் பிரேக் மாட்டுற மொளை இருக்கா? நெறைய பிரேமுல இருக்காது, அந்தக் கூட்டத்துல பாதி பேரு பிரேக்கே இல்லாமதான் ஓட்றாங்களாம். கனகா பிரேமுல கழட்டி மாட்டுற மாதிரி மொளை இருந்துச்சு. அதுக்கு யூ-பிரேக்குதான் சரி. அந்தப் பிரேக்கோட ரெண்டு கையும் டயருக்கு மேல இடுக்கி மாதிரி குறுக்கால போவும், வெளிய நீட்டாது, காலு இடிக்காது. மொளையில கிரீஸ் வச்சு மாட்டணும். ரெண்டு ஸ்ப்ரிங்கும் ஒரே அளவு இழுக்கணும், இல்லன்னா ஒரு பக்கத்து ரப்பர் கட்டை எப்பவும் ரிம்ம நக்கிக்கினே இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரு போஸ்ட் கார்டு நொழையற சந்து. கட்டை ரிம்முல மட்டும் படணும், டயருல பட்டா டயரு கிழிஞ்சிடும். அவ ரிம்மு அலுமினியம், அதனால சாதா ரப்பர் போதும்.

"முன்னாடி பிரேக் வேணாமா?"ன்னு கேட்டேன்.

"வேணாம் மேஸ்திரி. ஹேண்டில்பார் முழுசா ஒரு சுத்து சுத்தணும், கம்பி சிக்கும். பின்னாடி மட்டும் போடு. வலது கைக்கு வையி."

கம்பி சிக்காம இருக்க கழுத்துல மாட்டுற சுழல் தட்டு ஒண்ணு அவ வாங்கி வந்திருந்தா. அத நான் வேணாம்னேன். அதுக்குள்ள பேரிங்கு, உப்புக் காத்துக்கு இறுகிடும். அதுக்குப் பதிலா கேபிள நீளமா விட்டு, ஒரு சுத்துக்கு எடம் கொடுத்தேன். அது சரியான யோசனைதான், இன்னிக்கும் சொல்றேன். அதோட நிறுத்தியிருக்கலாம்.

செட்டோட வந்த கேபிள எடுத்துக் கீழ போட்டுட்டு, என் எவர்சில்வர் கம்பிய எடுத்தேன். கனகா பாத்துட்டா. "இதுலயே கம்பி வந்துச்சே மேஸ்திரி?"

"அது மெட்ராசுக்கு. இது பழவேற்காடு"ன்னேன்.

எவ்ளோ திமிரு பாருங்க. அந்த லிவரு ரெண்டே விரல் நீளந்தான், ஆனா ரெண்டு விரல்ல புடிச்சாலே பின்சக்கரம் பூட்டிக்கும். அவ்ளோ இழுப்பு. செருப்ப தேச்சு நிறுத்துற சைக்கிளு இல்ல அது. அது என் மண்டையில ஏறல.

வேலை முடிஞ்சு நிமித்தி வச்சேன். நான் ஏறணும், சரிவுக்குப் போவணும். நமக்கு சரிவுன்னா லைட்டவுஸ் பக்கம் போற பாலம் ஒண்ணுதான். சீட்டு என் முட்டி ஒசரம் கூட இல்ல. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க, மீன் விக்கிறவங்க, ஆட்டோக்காரங்க எல்லாம் என்னத்தான் பாக்குறாங்க. அம்பத்தெட்டு வயசுல தொந்தியத் தூக்கிக்கினு குட்டி சைக்கிள்ல போனா கோட்டைக்குப்பம் வரைக்கும் சிரிப்பாங்கன்னு தோணுச்சு. பின்சக்கரத்தத் தூக்கி, சுத்திவுட்டு, ஒரு தரம் பிரேக்கப் புடிச்சேன். நின்னுச்சு. "எடுத்துக்கினு போ"ன்னுட்டேன். பாய் சொன்னது அப்ப ஞாபகம் வரலயான்னு கேப்பீங்க. வந்துச்சு. அதுதான் இன்னும் அசிங்கம்.

மறுநா ஞாயிறு காலையில, பாலத்தாண்ட பொண்ணு விழுந்துடுச்சுன்னு ஒருத்தன் வந்து சொன்னான். ஓடினேன். பாலத்துச் சரிவு முடியற எடத்துல மீன் விக்கிற பொம்பளைங்க வரிசையா ஒக்காந்திருப்பாங்க. கனகா மேல இருந்து எறங்கி, கீழ வந்து சக்கரத்தப் பூட்டி நிறுத்திக் காட்டறேன்னு அப்பங்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கா. புடிச்சிருக்கா, லிவரு வெறுமனே கையோட வந்துடுச்சு. முன்னாடி பொம்பளைங்க. ஹேண்டில்பாரத் திருப்பி பாலத்துச் சுவத்துல மோதிட்டா. முன்பல்லு ரெண்டு போச்சு, வலது மணிக்கட்டு ஒடஞ்சுது. நான் போறதுக்குள்ள ஆட்டோவுல ஏத்திட்டாங்க. எடம் இல்லன்னு ஏழுமலைய விட்டுட்டு, பொம்பளைங்க ரெண்டு பேரு கூட ஏறிப் போயிட்டாங்க. அவரு அங்கயே நின்னாரு, கையில அவ செருப்பு.

நான் சைக்கிள நிமித்தி லிவரப் பிரிச்சேன். கம்பி மொட்டையா வெளிய வந்துடுச்சு. என் ஈயக்குண்டு லிவருக்குள்ள அப்படியே ஒக்காந்திருக்குது, நடுவுல கம்பி உருவுன ஓட்டையோட. யாரும் பாக்கல. பாத்தாலும் யாருக்குப் புரியப் போவுது? குண்ட எடுத்து இடுப்புல செருகிக்கினேன்.

அப்புறம் திரும்பி ஏழுமலைய கேட்டேன். வாய் கூசாம கேட்டேன்.

"சைக்கிள எதுலயாவது கழுவினியா?"

"நேத்து சாயந்தரம் கழுவினேன் மேஸ்திரி. சேறா இருந்துச்சு. பளபளன்னு இருக்கட்டும்னு ஏரித் தண்ணியில..."

"அதான்"ன்னேன்.

ஒரே வார்த்தை. ஒருநா தண்ணி பட்டா கம்பி உருவிக்காதுன்னு எனக்குத் தெரியும். அவரு எதுத்துப் பேச மாட்டாருன்னும் தெரியும். வேற ஒருத்தரா இருந்திருந்தா, சட்டையப் புடிக்கிற ஆளா இருந்திருந்தா, அந்த வார்த்தை என் வாயில வந்திருக்குமா? வந்திருக்காது. ஆளப் பாத்துத்தான் சொன்னேன். இத எழுதுறப்ப கையி கூசுது, இருந்தாலும் எழுதணும்.

அவரு கைய ரெண்டையும் ஒரு தரம் பாத்துக்கினாரு. இறால் தடவுற கையி, விரல் நுனியெல்லாம் வெடிச்சுக் கெடக்கும். "நான்தானா மேஸ்திரி"ன்னாரு. சைக்கிளக் கடைக்குத் தள்ளிக்கினு வந்து லிவர மாட்டி, நான் கீழ போட்ட செட்டுக் கம்பியையே போட்டு, அவரு வீட்டாண்ட கொண்டுபோய் சாத்தி வச்சேன். நல்லவன் மாதிரி.

கனகாவுக்கு மணிக்கட்டு கூடிச்சு, ஆனா முழுசா மடங்கல. ஓட்டிக் காட்ட வேண்டிய ஞாயித்துக்கெழமை போச்சு, அதுக்கப்புறம் மெட்ராஸ்காரங்க கூப்பிடல, அவளும் சைக்கிள்ல ஏறல. கும்மிடிப்பூண்டியிலயே ரூம் எடுத்துத் தங்கிட்டா. நானும் அந்த ஈய வேலைய அன்னியோட நிறுத்திட்டேன். கேட்டவங்ககிட்ட ஈயம் கெடைக்கலன்னு சொன்னேன். ஊரெல்லாம் ஓடுற என் பழைய கம்பிங்கள ஒண்ணொண்ணா எதையாவது சாக்கு சொல்லி மாத்திவுட்டேன். அது மட்டுந்தான் நான் செஞ்ச நல்ல காரியம். அதையும் பொய் சொல்லித்தான் செஞ்சேன்.

ஏழுமலை குப்பத்துல பம்பு தண்ணி உப்பு. நல்ல தண்ணி வேணும்னா எங்க தெருக் குழாய்க்குத்தான் வரணும். வாரத்துல ரெண்டு நாளு சாயந்தரம் தோள்ல குடத்தோட எங்க வீட்டத் தாண்டிப் போவாரு. குடிக்கத்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒருநாள் பேச்சு வாக்குல கேட்டேன், "இன்னா ஏழுமல, வீட்டுல குடிதண்ணிக்கா?"ன்னு.

"இல்ல மேஸ்திரி, சைக்கிளுக்கு. என்னிக்காவது பாப்பா கேட்டா நல்லா இருக்கணும்ல? உப்புத் தண்ணி ஆவாதுன்னு நீங்கதான சொன்னீங்க"ன்னாரு.

அன்னியில இருந்து சாயந்தரம் ஆனா வாசக் கதவச் சாத்திடுவேன். கதவச் சாத்தினா இன்னா? குடம் தளும்புற சத்தம் காதுல விழும்.

இந்த மலருக்கு எழுதணும்னு போன வாரம் ஒக்காந்தேன். மொளையப் பாரு, ஸ்ப்ரிங்கப் பாரு, கட்டையப் பாருன்னு ஒரு பக்கம் நல்லாத்தான் எழுதினேன். கம்பின்ற எடம் வந்ததும் பேனா ஓடல. "நல்ல கம்பியா போடவும்"னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாம். அந்த நேரம் பாத்துத் தெருவுல குடம் போச்சு. பீரோவுல இருந்து ஈயக்குண்ட எடுத்துக்கினு, சட்டை கூடப் போடாம பின்னாலயே போனேன். முட்டி வலியோட அவரு நடைக்கு ஈடு குடுக்க முடியல. நான் அவரு வீட்டாண்ட போய்ச் சேர்றப்ப பாதி கழுவிட்டாரு.

சைக்கிளப் பாத்தேன். ஆறு வருசம் ஏரிக்கரையில இருந்த சைக்கிளு. ஒரு பொட்டு துரு இல்ல.

"உள்ள வாங்க மேஸ்திரி, குந்துங்க"ன்னாரு. நான் குந்தல. குண்ட அவரு கையில வச்சேன்.

"இன்னா இது? வலக் குண்டா? நான் வலயே போடறதில்லயே."

"இது உன் பொண்ணு பிரேக்குல இருந்துச்சு. நான் செஞ்சு போட்டது. இதுல இருந்து கம்பி உருவிக்கிச்சு, அதான் விழுந்தா. அன்னிக்கே பாத்துட்டேன். எடுத்து ஒளிச்சிட்டு, உன் மேல பழியப் போட்டேன்."

அவரு குண்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஓட்டையில கண்ண வச்சுப் பாத்தாரு.

"அப்ப தண்ணி?"

"தண்ணி ஒண்ணும் பண்ணல."

"ஏரித் தண்ணியில கழுவுனது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல ஏழுமல."

திட்டுவாருன்னு நின்னேன். அடிச்சா வாங்கிக்கணும்னுதான் போயிருந்தேன். அவரு மிச்சத் தண்ணிய மெதுவா பின்சக்கரத்து மேல ஊத்தினாரு, துணியால தொடச்சாரு. அப்புறம் செல்போன எடுத்துப் பொண்ணுக்குப் போட்டு, என் கையில குடுத்தாரு. "நீங்களே சொல்லுங்க"ன்னாரு.

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். கம்பிய மாத்துனது, ஓட்டிப் பாக்காம குடுத்தது, குண்ட எடுத்தது, அவ அப்பங்கிட்ட சொன்ன அந்த ஒத்த வார்த்தை. அந்தப் பக்கம் ஷெட்டுல மிசின் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் கனகா பேசினா.

"தண்ணி பட்டு அப்படி ஆவாதுன்னு ஆறு வருசமா நான் நைனாகிட்ட சொல்லிக்கினே கீறேன் மேஸ்திரி. ஒருநா கூட நம்பல. மேஸ்திரி சொன்னாருன்னுடுவாரு. என் கையி போனதுக்கு நான் உங்கள ஒண்ணும் கேக்கல. அவரு சிரிச்சு ஆறு வருசம் ஆவுது. செல்போன நைனாகிட்ட குடுங்க."

குடுத்தேன். ஏழுமலை ஈரக் கைய வேட்டியில தொடச்சிட்டு, செல்போன ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினாரு.

"பாப்பா, நான் இல்லியாம்மா"ன்னாரு. "மேஸ்திரியே சொல்லிட்டாரு."